சாப்பிட்டும் பட்டினி கிடந்த சீசர்

சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "சார், செல்லப்பிராணிகள் பற்றிப் பொதுவாக நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். பொதுவாகப் பேச எனக்குத் தெரியாது. நான் பி.காம். படித்தவன், வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாய், அதற்கு வந்த ஒரே ஒரு நோய். அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைத்தான் இன்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வருடம் இதே ஹாலில் என் மேல் ஒரு புகார்க் கடிதம் வாசிக்கப்பட்டது. பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, நான் வளர்க்கும் சீசர் என்ற ஜெர்மன் ஷெப்பர்டை நான் பட்டினி போடுகிறேன், விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கிறது. இரண்டு, அந்த நாய் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பூங்கா ஓரத்தில் மலம் கழிக்கிறது, அளவும் அதிகம், நாற்றம் தாங்கவில்லை. இரண்டுமே உண்மையான புகார்கள்தான். கடிதம் எழுதியவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டினி கிடக்கிற நாய் எப்படி அவ்வளவு மலம் கழிக்கும்? அன்று இந்த ஹாலில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க வரவையும் செலவையும் டேலி செய்தே சம்பளம் வாங்கியவன் நான், என் வீட்டு நாயிடம் கணக்கு இடிக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நோயே அந்த ஒரு கேள்விக்குள்தான் இருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சீசரை வாங்கியது என் மகன். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் "அப்பா, ஒரு வருஷம் பார்த்துக்கோங்க" என்று விட்டுப்போனான். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. ஒன்றரை வயது வரை நாய் நன்றாகத்தான் இருந்தது. 31 கிலோ. பிறகு இளைக்க ஆரம்பித்தது. ஐந்தே மாதத்தில் 19 கிலோவுக்கு வந்துவிட்டது. முடி பொலிவிழந்து தவிடு மாதிரி உதிர்ந்தது. வயிற்றுக்குள் எந்நேரமும் குடகுடவென்று சத்தம், ராத்திரியில் பக்கத்து அறைக்கே கேட்கும்.

ஆனால் பசி? அப்படியொரு பசியை நான் பார்த்ததில்லை. தட்டை வைத்தால் அரை நிமிடத்தில் காலி. குப்பைக்கூடையைக் கவிழ்க்கும். சுவர்ச் சுண்ணாம்பை நக்கும். சொல்லவே கூசுகிறது, தான் போட்ட மலத்தையே தின்னும். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மலம் மஞ்சளாக, வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்காக, பார்க்கச் சாணி மாதிரி இருக்கும்.

ஒரு மருத்துவமனையில் காட்டினேன். குடற்புழு என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். மூன்று முறை கொடுத்தாயிற்று. அப்புறம் தீனியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். என் மனைவி தன் பங்குக்கு, உடம்பு தேறட்டும் என்று கேழ்வரகுக் கூழும் கீரையும் சேர்த்துக் கொடுத்தாள். நிலைமை இன்னும் மோசமாயிற்று, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்த நேரத்தில்தான் கடிதமும் வந்தது. வாக்கிங் போகும்போது நண்பர் ஒருவர், "சார், அது கஷ்டப்படுது, நீங்களும் கஷ்டப்படுறீங்க, ஒரு ஊசியோடு முடிச்சுடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். மகனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிப்பா" என்றான். அந்தக் குரலுக்காகத்தான் இன்னொரு டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாயைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். நிறையச் சாப்பிடுகிறதா? சாப்பிட்டும் இளைக்கிறதா? மலம் அளவில் அதிகமாக, வெளிறி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். "தண்ணீர் ரொம்பக் குடிக்கிறதா, சிறுநீர் அதிகமா?" என்றார். இல்லை என்றேன். சாப்பிட்டும் இளைத்து, அதோடு தண்ணீர் தாகமும் இருந்தால் சர்க்கரை நோயா என்று பார்க்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி. பிறகு, "சார், இது கணையமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள்" என்றார்.

கணையம் என்றால் நமக்கெல்லாம் இன்சுலின்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த ஹாலில் பாதிப் பேர் அந்த டிபார்ட்மென்டின் வாடிக்கையாளர்கள். ஆனால் கணையத்தில் இரண்டு டிபார்ட்மென்ட் இருக்கிறது. ஒன்று இன்சுலினை ரத்தத்தில் விடுகிறது. இன்னொன்று, அதுதான் அளவில் பெரியது, செரிமானத்துக்கான நொதிகளைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. கொழுப்பை உடைக்க லைபேஸ், மாவுச்சத்தை உடைக்க அமிலேஸ், புரதத்தை உடைக்க டிரிப்சின் முதலானவை.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் நெய்யும் பெரிய ரூபாய் நோட்டு மாதிரி. குடலின் சுவர் சில்லறை மட்டுமே வாங்கும் கவுன்டர். நோட்டை உடைத்துச் சில்லறையாக்கித் தருவது கணைய நொதி. அந்தக் கேஷியர் வேலைக்கு வராவிட்டால் வாசலில் எவ்வளவு பணம் வந்து குவிந்தாலும் கணக்கில் ஒரு பைசா ஏறாது. வந்த நோட்டு அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போய்விடும். சீசருக்கு நடந்தது இதுதான். நாங்கள் போட்டது முழுக்கப் பூங்கா ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் புகார் செய்த அந்த மலம், பாதிக்கு மேல் செரிக்காத சாப்பாடு. மலத்தைத் தின்றதற்கும் காரணம் அதுதான். அதில் இன்னும் உணவு இருந்தது.

நாய்க்கு இன்னொரு சங்கடம் உண்டு. நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி கொஞ்சம் இருக்கிறது, சோற்றை வாயில் வைத்து மென்றால் லேசாக இனிக்கும். நாயின் எச்சிலில் அது இல்லை என்றே சொல்லலாம். மாவுச்சத்துக்கு அது முழுக்கக் கணையத்தையே நம்பியிருக்கிறது. கணையம் போன நாய்க்கு நாம் தயிர்சாதம் பிசைந்து வைப்பது, தட்டில் படம் வரைந்து வைப்பது மாதிரி.

இந்த நோயை ஆங்கிலச் சுருக்கத்தில் ஈ.பி.ஐ. என்கிறார்கள். நொதி சுரக்கும் கணையப் பகுதி சுருங்கி அழிந்துபோவதால் வருவது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும், நீள முடி கோலி இனத்துக்கும் இது அதிகம், பெரும்பாலும் இளம் வயதில், ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் தெரிய வரும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு செல்களே கணையத்தைத் தாக்கி அழிப்பதாகத்தான் டாக்டர்கள் கருதுகிறார்கள். மற்ற இனங்களில், கணையம் பலமுறை வீங்கிப் புண்ணாகி ஆறியதன் விளைவாகவும் வரும். அந்த வகையில் சர்க்கரை நோயும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. சீசருக்கு வந்த முதல் வகையில் இன்சுலின் பகுதி பொதுவாகத் தப்பித்துவிடும்.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கணையத்தின் நொதிச் சுரப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகுதான் வெளியே அறிகுறி தெரியுமாம். அதுவரை மீதி இருப்பை வைத்து ஓட்டிவிடும். அப்படியென்றால் நாங்கள் "குட்டி நல்லா இருக்கு" என்று போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களிலேயே உள்ளே இருப்பு கரைந்துகொண்டிருந்தது.

பரிசோதனையின் பெயர் டி.எல்.ஐ. டிரிப்சின் சம்பந்தப்பட்டது. நல்ல கணையத்திலிருந்து இது கொஞ்சம் ரத்தத்தில் கசியும், கணையம் அழிந்தால் கசியவும் ஒன்றும் இருக்காது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நாய்க்குச் சாப்பாடு கொடுக்காமல் ரத்தம் எடுக்க வேண்டும். சீசரைப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி வைத்த அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. சமையலறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பரிசோதனை நாய்க்கென்றே இருப்பதாக இருக்க வேண்டும், மனிதருக்கான கிட்டில் பார்க்க முடியாது. எல்லா லேபிலும் கிடையாது, மாதிரியை அனுப்பிவைக்க வேண்டியிருக்கும், கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் அமிலேஸ், லைபேஸ் அளவுகளை வைத்து இந்த நோயைச் சொல்ல முடியாது. நாங்கள் முன்பே அதற்குப் பணம் கட்டி, "எல்லாம் நார்மல்" என்ற காகிதத்தை வைத்திருந்தோம்.

டி.எல்.ஐ. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும். 2.5க்குக் கீழே வந்தால் ஈ.பி.ஐ. உறுதி. சீசருக்கு 1.3. வங்கியில் எத்தனையோ மோசமான பாலன்ஸைப் பார்த்திருக்கிறேன், இந்த எண் மாதிரி எதுவும் என்னை உட்கார வைத்ததில்லை. ஆனால் டாக்டர் அம்மா சிரித்தார். "பெயர் தெரிந்துவிட்டது சார், இனிமேல் வேலை சுலபம்" என்றார்.

வைத்தியம் என்ன? உள்ளே சுரக்காத நொதியை நாம் வெளியிலிருந்து சாப்பாட்டில் கலந்து கொடுக்க வேண்டும். பன்றியின் கணையத்தைக் காயவைத்து அரைத்த தூள். ஒவ்வொரு வேளைக்கும். ஆயுள் முழுக்க.

இங்கே எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். நாங்கள் சைவம். முட்டைகூட நாய்க்காகத்தான் வீட்டுக்குள் வந்தது. பன்றியின் உறுப்பு என்றதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாவரத்திலோ பூஞ்சையிலோ எடுத்த நொதி இருக்கிறதே என்று கேட்டேன். கணைய நொதி அளவுக்கு அவை பலன் தருவதில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி மனைவியிடம் சொன்னேன். அவள் பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கப்பா அந்தக் காலத்துல போட்டுக்கிட்ட இன்சுலின் எதுலேர்ந்து எடுத்ததாம்?" என்றாள். என் மாமனார் 1970களில் போட்டுக்கொண்டது மாட்டுக் கணையத்திலிருந்தோ பன்றிக் கணையத்திலிருந்தோ எடுத்ததுதான். அப்போது வேறு இன்சுலினே கிடையாது. "அப்பாவுக்கு ஆனது இதுக்கு ஆகாதா?" என்று சொல்லிவிட்டு, அந்தத் தூளுக்கென்று ஒரு தனி டப்பாவும் தனி ஸ்பூனும் எடுத்து வைத்துவிட்டாள். என் வீட்டு விவாதங்களில் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது இது ஒன்றுதான்.

அவள் சொன்னது எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டதும் நாய்களை வைத்துத்தான். அதற்குப் பிறகு அதே ஊரில் கணையம் எடுக்கப்பட்ட நாய்களை இன்சுலின் போட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். சில மாதங்களில் அவை ஈரல் கொழுத்து இறந்தன. தீனியில் பச்சைக் கணையத்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் நீண்ட நாள் வாழ்ந்தன. இன்சுலின் மட்டும் போதாது, அந்த இன்னொரு டிபார்ட்மென்டும் வேண்டும் என்பதை உடம்பால் காட்டியவை அந்த நாய்கள். என் மனைவி தினமும் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு எந்த ஜாதிக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, தூளுக்கு வருகிறேன். சுமார் பத்து கிலோ எடைக்கு ஒரு டீஸ்பூன் வீதம் வேளைக்கு என்று தொடங்குவார்கள். ஒவ்வொரு தயாரிப்பின் வீரியமும் வேறு, அதனால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாய் தேறிய பிறகு அவர் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மனிதருக்கு விற்கும் கணைய நொதி மாத்திரைகள் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல, வயிற்று அமிலத்தில் கரையாதபடி உறை போட்டவை. நாய்க்கு உறையில்லாத தூள்தான் மேல் என்றார் டாக்டர். கசாப்புக் கடையில் பச்சைக் கணையம் கிடைத்தால் அதையும் கொடுக்கலாம், உறையவைத்தாலும் நொதி கெடாது, ஆனால் வேகவைத்தால் போயிற்று. பச்சை இறைச்சியில் வேறு கிருமி வரும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேகவைத்தால் போயிற்று என்பதில்தான் நான் முதல் வாரம் தவறு செய்தேன். குக்கரிலிருந்து எடுத்த சூடான சாதத்தில் தூளைக் கொட்டிப் பிசைந்தேன். சூட்டில் நொதி செத்துவிடும். ஏழு நாள் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரிடம் போய், "உங்கள் மருந்து வேலை செய்யவில்லை" என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். எப்படிக் கலக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தூளின் விலையை நினைத்து நானும் வைத்துக்கொண்டேன்.

ஆறிய சாப்பாட்டில், கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நன்றாகக் கலக்க வேண்டும். கலந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அது அவசியமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். நாங்கள் பத்து நிமிடம் வைக்கிறோம், அது எங்கள் மன நிம்மதிக்கு. காய்ந்த தூளாக வாயில் போடக்கூடாது, வாய் புண்ணாகி ரத்தம் வரும். நொதிக்கு எது உணவு, எது நாக்கு என்று தெரியாது. நாமும் தூளை மூக்கில் ஏறாமல் கையாள வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

நார்ச்சத்து அதிகமான தீனி நொதியின் வேலையைக் கெடுக்கும். கேழ்வரகும் கீரையும் கொடுத்தபோது சீசருக்கு மோசமானதற்கு இதுதான் காரணம். இப்போது சோறு, முட்டை, பனீர், கொஞ்சம் ரெடிமேட் தீனி. ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாக.

பி12 பற்றி ஒரு வார்த்தை. மனிதருக்கு பி12ஐக் குடலில் உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில் சுரக்கிறது. நாய்க்கு அது பெரும்பாலும் கணையத்திலிருந்து வருகிறது. கணையம் போனால் அதுவும் போச்சு. போதாததற்கு, குடலில் செரிக்காமல் கிடக்கும் உணவைத் தின்று பெருகும் பாக்டீரியாக்களும் பி12ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ரத்தத்தில் பி12 பார்த்து, குறைவாக இருந்தால் ஊசி. சீசருக்கு வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம், அப்புறம் ஒரு மாதம் கழித்து ஒன்று. தூளைச் சரியாகக் கொடுத்தும் தேறவில்லை என்று கைவிடப்படும் நாய்களில் பி12 பார்க்காமல் விட்டவையும் உண்டு.

செலவை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டியது. அளவைக் குறைத்த பிறகு இப்போது ஆறாயிரத்துக்குள் வருகிறது. பென்ஷன்காரனுக்கு இது சின்னத் தொகை இல்லை. மகன் பாதி அனுப்புகிறான். பிரிட்டனில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய்க்கு வைத்தியம் தொடங்கிய நாய்களில் ஐந்தில் ஒன்று முதல் வருடத்துக்குள்ளேயே ஊசி போட்டு முடிக்கப்பட்டது என்று இருந்தது. பாதிக்கு மேற்பட்டவை ஐந்து வருடத்தைத் தாண்டியும் வாழ்ந்தன என்றும் அதிலேயே இருந்தது. நான் எந்தப் பக்கம் போக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சரியாகக் கலக்க ஆரம்பித்த நான்காவது நாள் மலம் பாதியாகக் குறைந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாளைக்கு இரண்டே முறை, உருண்டையாக. மலம் உருண்டையாக வந்ததற்குச் சந்தோஷப்பட்டு மகனுக்குப் போட்டோ அனுப்பிய அப்பா இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். நான்கு மாதத்தில் 27 கிலோ. சுவரை நக்குவதும், மலம் தின்பதும் தானாக நின்றது.

பிறகு ஐந்தாவது மாதம், திடீரென்று பழைய கதை. மறுபடி சாணி மாதிரி மலம், வயிற்றில் குடகுட. தூளின் தேதியைப் பார்த்தேன், சரி. அளவு சரி. பி12 சரி. எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கிளார்க் புத்தியோடு ஒவ்வொரு நாளும் சீசர் போகும் இடமெல்லாம் குறித்து வைத்தேன். காலையில் கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் தன் டீயோடு பாதி பன். ஆறரைக்கு பி பிளாக் மாமி கையில் இரண்டு பிஸ்கட். மாலையில் விளையாடும் குழந்தைகள் ஆளுக்கொரு சிப்ஸ். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் சார் பையில் எப்போதும் ஒரு ரொட்டி. எல்லோரும் யார்? போன வருடம் "ஐயோ, பட்டினி போடுறாங்களே" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள். நாய் தேறியதைப் பார்த்ததும் பாசம் பொங்கிவிட்டது.

தூள் கலக்காமல் உள்ளே போகும் ஒவ்வொரு பன்னும் பிஸ்கட்டும் செரிக்காமல் குடலில் கிடந்து பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. வயிற்றைப் புரட்டிப்போட்டு, காலையில் சரியாகக் கலந்து கொடுத்த சாப்பாட்டின் பலனையும் கெடுக்கிறது. ஒரு பிஸ்கட்தானே என்று தோன்றும். சீசருக்கு ஒரு பிஸ்கட், இரண்டு நாள் வயிற்றுவலி. இன்று நான் இங்கே பேச ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான். எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு அழகாகத் தலையைச் சாய்த்தாலும், தயவுசெய்து சீசருக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். கெஞ்சுவதில் அது பெரிய நடிகன். மாமி மட்டும் மனசு கேட்கவில்லை என்றார்கள். அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர்கள் பிஸ்கட்டை என்னிடம் கொடுத்துவிடுவார்கள், நான் ராத்திரிச் சாப்பாட்டில் நொறுக்கித் தூளோடு சேர்த்துவிடுவேன். மறுநாள் காலையில் "நேத்து சாப்பிட்டானா?" என்று கேட்பார்கள். "சாப்பிட்டான் மாமி" என்பேன்.

வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டிருந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை. மற்ற நாய்களுக்கோ, குழந்தைகளுக்கோ சீசரிடமிருந்து பரவாது. டி பிளாக் நண்பர் தன் பெண் நாயோடு சீசரைச் சேர்க்கலாமா என்று கேட்டார். கூடாது. பரம்பரைத் தொடர்பு இருக்கிறது, ஆனால் நேர்க்கோட்டில் வருவதில்லை. பின்லாந்தில் நோயுள்ள இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டுக்குத்தான் நோய் வந்தது. அதனால் அப்பா அம்மா நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாலும் முழு உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் நோய் வந்த நாயை இனவிருத்திக்கு விடுவது சரியில்லை.

தெருநாய்களுக்கும் இது வருமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். எந்த நாய்க்கும் வரலாம். ஆனால் இளைத்த தெருநாய்க்குப் புழு, உண்ணிக் காய்ச்சல், உண்மையான பட்டினி என்று அதைவிடச் சாதாரணக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். புழு மருந்து கொடுத்தும், வயிறாரச் சாப்பிட்டும், எலும்பாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் டி.எல்.ஐ. என்ற மூன்றெழுத்தை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நான் ஐந்து மாதம் கேட்காமல் இருந்தேன், எனக்கு அந்த மூன்றெழுத்து தெரியாது.

பூங்கா ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மாதம் நீங்கள் பட்ட தொல்லைக்கு என் வருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன். பையும் அள்ளும் கரண்டியும் இல்லாமல் இப்போது நான் கீழே இறங்குவதில்லை. நாய் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கேட்டுக்கு அருகில் ஒரு பெட்டியில் பைகள் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். தீர்ந்துபோனால் சொல்லுங்கள்.

அந்தக் கடிதம் எழுதியவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் நாங்கள் மூன்று நாள் கும்பகோணம் போனபோது சீசரைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். தூளை ஆறிய சாதத்தில்தான் கலக்க வேண்டும் என்று போனில் எனக்கே அவர் ஞாபகப்படுத்தினார்.

அடுத்து லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிப் பேச வேண்டும் என்று பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மைக்கை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.